கமரா பழுதென்று சொல்லும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் கோணேசப் பெருமானை வேண்டிக்கொள்கிறோம். கோல் எடுத்தால் "பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். வொய்ஸ் மெசேஜ் போட்டால் எனக்குப் பாதியிலேயே தொண்டை அடைக்கிறது. அதுதான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

இங்கே திருகோணமலையில் மழை விட்டும் விடாமலும் பெய்கிறது. டச்சு பே குடாவில் கடல் இன்னும் அடங்கவில்லை. கோட்டை மான்கள் இப்போது எங்கள் ஒழுங்கை வரைக்கும் வருகின்றன. முன்வேலியில் நின்ற செவ்வரத்தையை ஒரே இரவில் மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டன. அப்பா அவற்றை விரட்டவும் மாட்டார், கேற்றைப் பூட்டவும் மாட்டார். இதைத்தான் விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது மனம் வரவில்லை.

உன் போன் கமராவை இன்னும் திருத்தவில்லையா? மருமகளின் போனிலும் பழுது, வீட்டில் இருக்கிற ஐபாடும் பழுது. கனடாவில் நல்ல சாமான் ஒன்றும் விற்பதில்லைப் போல. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன ஞாயிறு சின்னவள் என்னோடு கதைத்தாள். குழந்தையை ஏசாதே, அவள் கோள் சொல்லவில்லை, முறைப்பாடுதான் சொன்னாள். "அப்பம்மா, என்ர ஸ்ட்ரோவை எல்லாம் அப்பா எடுத்துக் குடிக்கிறார்" என்றாள். பிறகு, "அப்பா ஒரு கண்ணைத் திறந்துகொண்டுதான் நித்திரை கொள்றார், எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அதற்குள் நீ போனை வாங்கி "அம்மா" என்றாய். உதடு ஒட்டாமல் வந்த "அம்மா" அது. உனக்கு முகம் ஒரு பக்கம் இழுத்துவிட்டது என்று விளங்க, காலமெல்லாம் வார்ட்டில் நேர்ஸாக நின்றவளுக்கு இதற்கு மேல் என்ன எக்ஸ்ரே வேண்டும்?

எட்டாம் வகுப்பில் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டு, கொதிக்கிற கச்சான் காற்றுக்குள் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவன் நீ. அன்றைக்கும் நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஊரில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் "மிஸ்ஸி, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று என்னிடம்தான் ஓடி வருவார்கள். என் பிள்ளை என்னிடமே மறைக்கிறான்.

உனக்கு ஒரு கதை சொல்கிறேன். மூதூருக்குப் பாலங்கள் வருவதற்கு முந்திய காலம். கொட்டியாரக் குடாவால் லோஞ்சில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதம் கலியாணம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தாய் நெஞ்சில் அடித்து, "பாரிசவாதம் வந்திட்டுதே" என்று குளறினாள். டொக்டர் அவசரப்படாமல், "பிள்ளை, புருவத்தை மேலே தூக்கும்" என்றார். ஒரு பக்க நெற்றி சுருங்கியது, மற்றப் பக்கம் சுருக்கமே விழவில்லை. "கண்ணை மூடும்" என்றார். வலது இமை மூடியது, இடது இமை பாதியில் நிற்க, முழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தது. "பயப்படாதேங்கோ, இது மூளையில் வந்ததில்லை. முகத்துக்குப் போற நரம்பில் வந்தது" என்றார். மூளையில் அடைப்பு வந்தால் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், கை காலிலும் பலம் குறையும். அன்று படித்தது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அந்த நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு ஒடுங்கிய வழியால்தான் வருகிறது. விரல் வீங்கினால் மோதிரம் இறுக்குகிற மாதிரி, நரம்பு வீங்கினால் எலும்பு நெரிக்கும். சாதாரணமாக உதட்டில் கொப்புளம் போடுகிற வைரஸ்தான் பல பேருக்கு இதைக் கிளப்பிவிடுகிறது என்று சொல்கிறார்கள். சார்ல்ஸ் பெல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் 1821இல் இந்த நரம்பைப் பற்றி எழுதினார். அதனால் பெல்ஸ் பால்சி என்று பெயர். உன் சின்னம்மா சொல்வது போல இரவுப் பனி பட்டு வந்ததும் இல்லை, கண்ணூறும் இல்லை.

மூதூர்ப் பிள்ளையின் முகம் திரும்பி வந்தது. கலியாணப் படத்தில் யாரும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கண் போனது. ஆஸ்பத்திரிக்கு வர முதல் யாரோ ஒருவர் முகத்துக்கு எண்ணெய் பூசி வைத்தியம் பார்த்திருக்கிறார், மூடாத கண்ணை ஒருவரும் கவனிக்கவில்லை. கண் காய்ந்து, தூசி விழுந்து, கருவிழியில் புண் வந்து, ஆறும்போது பூ விழுந்துவிட்டது. முகம் பெரும்பாலும் தானே வரும் தம்பி, கண் தானே வராது. அந்தப் பிள்ளையின் கதையை ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கும்.

ஆகவே கண். பகலில் கண்ணீர் போலச் செய்து விற்கிற சொட்டு மருந்தை அடிக்கடி விடு, எரிந்த பிறகு விடுவதற்குப் பார்த்திருக்காதே. இரவில் களிம்பு போட்டு, இமையை விரலால் இழுத்து மூடி, பிளாஸ்டர் ஒட்டிப் படு. பஞ்சை நேரே வைத்துக் கட்டாதே, உள்ளே இமை திறந்தால் பஞ்சு கருவிழியில் உரசும். வெளியே இறங்கினால் கண்ணாடி போடு. கண் சிவந்தாலோ, நொந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றே டொக்டரிடம் போ. நாளைக்கென்று வைக்காதே.

குளிசை போட்டாயா? இதுதான் இரவில் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை. நரம்பின் வீக்கத்தை வற்றவைக்கிற புரெட்னிசொலோன் குளிசையை, முகம் இழுத்து மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். எங்கள் வார்ட்டில் இருந்த ஒரு டொக்டர் பிள்ளையிடம் போனில் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை, தெரிந்த ஒரு பெடியனுக்கு என்றுதான் சொன்னேன். 2007இல் ஸ்கொட்லாந்தில் 500 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தார்களாம். 9 மாதத்தில், அந்தக் குளிசை போட்டவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியது, போடாதவர்களில் 82 பேருக்கு. போடாதவர்களிலேயே 82 என்பதைக் கவனி. அதைக் கேட்ட பிறகுதான் நான் சோறு தின்றேன். நீ நேரத்துக்குப் போயிருந்தால் நல்லது. போகாவிட்டாலும் நடந்ததைப் பற்றி யோசித்துக்கொண்டு இருக்காதே.

அந்தக் குளிசை சீனியை ஏற்றும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் எந்த வயதில் சீனி வருத்தம் வந்தது என்று உனக்குத் தெரியும். சீனி உள்ளவர்களுக்கு இந்த முகவாதம் கூடுதலாக வரும். நீ கடைசியாக எப்போது சோதித்தாய்? மருமகளும் சொல்லமாட்டாள், நீயும் சொல்லமாட்டாய். இரத்தம் சோதி. பிரஷரும் பார்ப்பித்துக்கொள். காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்று டொக்டர் பார்த்தாரா? அது அக்கியாக இருந்தால் மருந்து வேறு. உங்கள் பக்கத்தில் உண்ணி கடித்தும் முகம் இப்படிப் போகும் என்று வாசித்தேன். அதையும் டொக்டரிடம் கேள்.

கறியில் உப்பில்லை, புளியில்லை என்று மருமகளோடு சண்டை பிடிக்காதே. இந்த வருத்தத்தில் நாக்கின் முன்பக்கத்தில் ருசி குறையும், பிழை கறியில் இல்லை. சத்தமும் அந்தப் பக்கக் காதில் ஓங்கி அடிக்கும். சோறு கன்னத்துக்குள் தங்கும், சாப்பிட்டவுடன் வாயைக் கொப்பளி.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. விடிய எழும்பிக் கோணேசர் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வந்தார். அடுத்த நாள் ஒரு தைலப் போத்தலோடு வந்து, கனடா போகிற ஒருவரிடம் கொடுத்துவிடப் போகிறேன் என்றார். கண்ணுக்குள் வடியும் என்று நான் மறித்துவிட்டேன். பிறகு கன்னியாய் வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் ஒத்தடத்துக்கு நல்லது என்று தொடங்கினார். ஏழு கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விமானத்தில் ஏற்றினால் வெந்நீராகவா வந்து சேரும்? அதோடு செத்தவர்களின் அந்தியேட்டிக்குப் போகிற இடத்திலிருந்து உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமான் வாங்கப் போனால் மட்டும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

உன் பக்கத்திலும் அப்பாமார் இருப்பார்கள். முகத்துக்குக் கரண்ட் பிடி என்பார்கள், பலூன் ஊது என்பார்கள், பபிள்கம் சப்பு என்பார்கள். கேட்காதே. கண்ணாடிக்கு முன்னால் இருந்து, மெதுவாக, விரலால் கன்னத்துக்கு ஆதரவு கொடுத்து, டொக்டரோ பிசியோவோ காட்டித் தந்ததை மட்டும் செய். நரம்பு திரும்ப வளரும்போது சிலருக்குப் பிழையான இடத்துக்கு ஓடிப் பிடிக்கும், வலிந்து இழுத்தால் அது கூடலாம், பிறகு சிரித்தால் கண் மூடும், சாப்பிட்டால் கண்ணீர் வரும். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு மூன்று கிழமைக்குள் எங்கேயாவது ஒரு சின்ன அசைவு தெரியும். சிலருக்கு மூன்று நாலு மாதம் பிடிக்கும். மூன்று மாதமாகியும் ஒன்றும் அசையவில்லை என்றால், வீட்டில் இருந்து கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்காமல் திரும்பவும் டொக்டரிடம் போ.

இனி ட்ரக். ரொறன்ரோவில் இருந்து வன்கூவர் மட்டும் தனியாக ஓடுகிற பிள்ளை என்று நான் கோயிலில் சொல்லாத ஆளில்லை. நீ அனுப்பிய பனிமலைப் படம் சுவாமி அறைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வீட்டுக் கூரையை மாற்றியதும் அந்த ஓட்டத்தில்தான். அதற்காக மூடாத கண்ணோடு ஓட வேண்டுமா? ஹீட்டர் காற்று நேரே முகத்தில் அடிக்கும், கண் காயும். களிம்பு போட்டால் பார்வை மங்கும், போடாவிட்டால் புண் வரும். எதிரே வருகிறவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். டொக்டர் ஓடலாம் என்று சொல்லும் வரைக்கும் திறப்பைத் தொடாதே. வங்கிக் கடன் காத்திருக்கும்.

ஆட்களைப் பார்க்க வெட்கமா? பெரியப்பா அங்கே போய் இறங்கிய காலத்தில் உங்கள் பிரதமராக இருந்தாரே, ஜோன் கிறெத்தியன். சின்ன வயதில் வந்த இதே வருத்தத்தால் அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தபடியே நின்றுவிட்டது. 1993 தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட கட்சிக்காரர் அந்த முகத்தைப் பெரிதாக்கி டிவியில் விளம்பரம் போட்டார்கள். சனம் கொதித்துப் போனது. அதுவரை ஆண்ட அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 2 ஆசனம். அவர் 2003 வரை அதே வாயோடு நாட்டை ஆண்டார். பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், உனக்கு நினைவிருக்கும். அந்த மனிதர் ஊர் முழுக்கக் காட்டிய முகத்தை நீ பெற்றவளுக்குக் காட்ட மாட்டாயாம்.

நான் அழமாட்டேன் என்று சொல்ல மாட்டேன். அழுவேன். அழுதுவிட்டு, இமை எவ்வளவு மூடுகிறது, நெற்றி சுருங்குகிறதா, வாய் நுனி அசைகிறதா என்று பார்ப்பேன். அதைப் பார்க்கத்தான் கமராவைப் போடச் சொல்கிறேன். பார்க்காமல் இங்கே இருந்து நினைத்துக்கொண்டு கிடப்பதில் முகம் இன்னும் கோணலாகத்தான் தெரிகிறது. ஒரு தாய்க்கு அது எவ்வளவு என்று சின்னவள் வளர்ந்து வீட்டை விட்டுப் போகும்போது உனக்கு விளங்கும்.

ஞாயிறு காலை உங்கள் நேரம் ஒன்பதுக்கு எடு. அப்பா அறைக்குள் இருப்பார், எதுவும் கேட்க மாட்டார், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். கண்ணைக் கவனி.

அன்புடன்,
அம்மா

பி.கு: இந்த மாதம் காசு அனுப்பாதே. அந்தக் காசில் கண் டொக்டரிடம் போ. அவர் எழுதித் தருகிற பேப்பரைப் படமெடுத்து அனுப்பு. எனக்கு விளங்காது என்று நீயாகச் சுருக்கிச் சொல்ல வேண்டாம், டொக்டர்மாரின் கையெழுத்தை உன்னைவிட நான் நன்றாக வாசிப்பேன்.