சத்திரம் திருப்பணி நிறைவு: கணக்கும், கொஞ்சம் விளக்கமும்

அங்கத்தினர் எல்லோருக்கும் வணக்கம். வேலை முடிந்தது, சாரம் பிரித்தாயிற்று. கணக்குக்கு வருவதற்கு முன்னால் அந்த 860 ரூபாயைப் பேசிவிடுகிறேன். பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து "இது கமிட்டி ஊர் சுற்றின காசு" என்றார், பின்வரிசையில் கைதட்டலும் விழுந்தது.

ஆமாம், சுற்றினோம். ஐந்து பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோ, காபி, வடை எல்லாம் சேர்த்து 860. புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பாரதி பூங்காவைப் பார்க்க ஆட்டோ வைத்துப் போக வேண்டுமா என்று கேட்கலாம். போகிற போதெல்லாம் யார் சுவரைப் பார்த்தோம்? பழைய கட்டடங்களின் சுவரைப் பார்க்கத்தான் போனோம். கமிட்டியில் மூன்று பேர் அன்றைக்குச் சத்திரத்துச் சுவரைச் சிமென்ட்டால் பூசலாம் என்ற கட்சி, நானும் அதில்தான். சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் கலந்து பூச வேண்டும் என்று பேசியவர்களைக் கிண்டல் செய்தவன் நான்.

பூங்கா நடுவில் ஆயி மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்ததன் நினைவாகக் கட்டியது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதையை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம், அவள் எந்தப் பொதுக்குழுவிலும் கணக்கு காட்ட வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே ராஜ் நிவாஸ், வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அப்புறம் 1827இல் தொடங்கிய நூலகம், இப்போது ரோமன் ரோலண்ட் பெயரில் இருப்பது. கடற்கரைக்கு நடந்து 1836ஆம் வருஷத்து பழைய கலங்கரை விளக்கம், கடைசியாக மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம்.

மேரி முன்னால் நின்றபோதுதான் எங்கள் பேச்சு மாறியது. 1870 வாக்கில் கட்டியது. 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தது. அரசாங்கத்தால் அப்படித் திரும்பக் கட்ட முடியும். நம் சத்திரம் விழுந்தால் அந்த இடத்தில் கல்யாண மண்டபம்தான் வரும், அதுவும் கடன் வாங்கி.

வழியில் வைசியாள் வீதிக்கும் போனோம். திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு வரிசையைப் பழைய முகத்தோடு சரிசெய்ததற்காக 2008இல் யுனெஸ்கோ விருது வாங்கிய தெரு. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும், வேறொரு சந்தில் சிமென்ட் ஒட்டுப்போட்ட சுவரும் அன்றைக்கே பார்க்கக் கிடைத்தது. சிமென்ட் போட்ட இடத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் செங்கல் மாவாக உதிர்கிறது. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது, கடற்காற்று ஊரில் உப்பு வெளியேற வழியில்லாமல் செங்கல்லைத்தான் தின்கிறது. 860 ரூபாய்க்கு மூன்று பேர் கட்சி மாறினோம். மலிவு என்பது என் கருத்து.

சரி, கான்ட்ராக்டர் விவகாரம். மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கினோம், நடுத்தொகை கேட்டவருக்குக் கொடுத்தோம், அவர் கமிட்டியில் யாருக்கும் மச்சானும் இல்லை மாமனும் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். ஐப்பசி மழை ஒருநாள் விட்டிருந்த காலையில் பொருளாளர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர், கிழக்குச் சுவரில் முந்தின நாள் பூசின இடம் சாம்பல் நிறத்தில் காய்ந்திருப்பதைப் பார்த்தார். வீட்டுச் சாவியால் கீறினார், கோடே விழவில்லை. கிணற்றடியில் தார்ப்பாயைத் தூக்கினால் நான்கு சிமென்ட் மூட்டை, ஒன்று பாதி காலி.

கான்ட்ராக்டரைக் கேட்டதற்கு, "பிடிமானத்துக்கு ஒரு சட்டி போட்டேன் சார், எல்லா இடத்துலயும் இதானே" என்றார். ஊறப்போட்ட சுண்ணாம்புக்குக் காத்திருந்தால் அவருக்குக் கூலி ஏறும், அதுதான் காரணம். கொத்திவிட்டுத் திரும்பப் பூசுங்கள் என்றோம். மறுநாள் ஆளைக் காணோம். சாரக்கட்டையைப் பாதி பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். திறந்து கிடந்த மெட்ராஸ் டெரஸில், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மேல்தளத்தில், மழை இறங்கியது. நானும் செயலாளரும் இரவு பதினொன்றுக்கு ஏணி போட்டு ஏறித் தார்ப்பாய் கட்டினோம். எனக்கு வயது அறுபத்தேழு.

இருபத்து மூன்று நாள் இழுத்தது. போலீசுக்குப் போயிருக்கலாமே என்று சொன்னவர்கள், கூட வரக் கூப்பிட்டபோது வரவில்லை. கடைசியில் செய்த வேலைக்கு மட்டும் அளந்து பணம் தீர்த்தோம், சிமென்ட் பூச்சுக்கு ஒரு காசு தரவில்லை. வில்லியனூர் பக்கத்து மேஸ்திரி ஒருவர் மீதியை முடித்தார். கடுக்காய்த் தண்ணீரையும் வெல்லத்தையும் அவரே கலந்தார், சித்தாள்களைக்கூட நம்பவில்லை.

எஸ்டிமேட் 11.4 லட்சம், செலவு 13.9 லட்சம். கூடின இரண்டரையில் கொத்தி மறுபடி பூசியது 90 ஆயிரம். இன்னொரு 40 ஆயிரம் சாரம் வாடகை. மீதி 1 லட்சத்து 20 ஆயிரம் கரையான் தின்ற இரண்டு தேக்கு உத்திரத்துக்கு. தளத்தைப் பிரிக்காமல் அது யாருக்குத் தெரியும்?

ஒயரிங், கழிப்பறை, பெயிண்ட், கிணறு தூர்வாரியது எல்லாம் எஸ்டிமேட்டுக்குள் முடிந்தன.

நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் வாசல் பலகையில் இருக்கின்றன. இந்த அறிக்கையில் பெயர் போடக்கூடாது என்று நீங்களே தீர்மானம் போட்டீர்கள், ஆனாலும் நன்றி சொல்லாமல் விட முடியாது: பென்ஷன் வந்த அன்றே கவர் கொண்டுவந்த சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீட்டுத் தாத்தா, பாரிசிலிருந்து அனுப்பிய அவர் பேரன், உத்திரத்தில் ஒன்றின் செலவை ஏற்றுக்கொண்ட மரவாடி அண்ணன், மூன்றாம் வீட்டு மாமி, மாமியோடு போட்டி போட்டு நூறு ரூபாய் கூடக் கொடுத்த நான்காம் வீட்டு மாமி, பூக்கடைக்காரர், பழைய பேப்பர் கடைத் தம்பி, தினமும் வேலையாட்களுக்கு மோர் கொடுத்த மேலண்டை வீட்டு அக்கா. மோருக்கு ரசீது இல்லை, கணக்கிலும் வராது.

பில் ஃபைல் பொருளாளர் வீட்டில் இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மேல் போய்ப் பார்க்கலாம். கிணற்றுக்குப் பின்னால் அந்தச் சிமென்ட் பூச்சில் ஒரு முழம் கொத்தாமல் விட்டு வைத்திருக்கிறோம். இப்போதே அதன் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள், அதைப் பார்த்துவிட்டு பூங்கா, மேரி, வைசியாள் வீதி என்று இன்னொரு சுற்று நடந்தே போகலாம். இந்த முறை காபி அவரவர் செலவு.