டெட்ஸா கோழிகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

மலாவி நாட்டில், டெட்ஸா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பெண்கள் குழுவோடு சேர்ந்து கோழி வளர்க்கப் போகிறோம், முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். கொடுத்தீர்கள். வரவு செலவைத் தனித்தனியாக எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கணக்கில் ஏறாத உதவிகள்தான் அதிகம். அவற்றுக்காக இந்த மடல்.

முதல் நன்றி, உங்கள் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதை அந்தப் பெண்களிடமே விட்டதற்கு. "கூண்டு போட்டு முட்டைக்கோழி விடலாமே, நாமக்கல் மாதிரி ஆக்கிவிடலாமே" என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கூண்டுக்கோழிக்குத் தினமும் காசு கொடுத்துத் தீவனம் வாங்க வேண்டும். அந்தத் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். இங்கே மக்காச்சோளம்தான் மனிதர்களின் சோறு. அதை மாவாக்கி ன்சிமா என்று களி கிண்டிச் சாப்பிடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகும் சோளம் ஜனவரி, பிப்ரவரிக்குள் பல வீடுகளில் தீர்ந்துவிடும். பிள்ளைகளுக்கே அளந்து போடும் மாதங்களில் கோழிக்கு யார் அள்ளிப் போடுவது? தானே மேய்ந்து, மாலையில் ஒரு கை தவிட்டுக்கு வீடு திரும்பும் நாட்டுக்கோழிதான் வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்னதும் நீங்களும் சரி என்றீர்கள். கொடுப்பவர்கள் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நாட்டுக்கோழிக்குப் பெரிய எதிரி சிட்டோபா. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்கிறோமே, அதேதான். மழைக்கு முந்தைய வெயில் மாதங்களில் அது நுழைந்தால் சில நாட்களில் ஊர்க்கோழி மொத்தமும் போய்விடும். நோட்டுப் புத்தகமோ, உரமோ, ஆஸ்பத்திரிக்குப் போக மினிபஸ் காசோ, எது வேண்டுமானாலும் கோழியைப் பிடித்து விற்கும் வீடுகள் இவை. கோழி செத்தால் கைச்செலவுக்கு வழியில்லை. அதனால் உங்கள் பணத்தில் கோழி வாங்கச் செலவானது குறைவு. கூட்டுக்கும் தடுப்பு மருந்துக்கும் போனதே அதிகம்.

அந்த மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஐ-2 என்று பெயர். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது. ஏழை நாடுகள் தாங்களே தயாரித்துக்கொள்ளட்டும் என்று அதற்கான மூல வைரஸை இலவசமாகக் கொடுத்தார்கள். மற்ற மருந்துகளைவிடச் சூடு தாங்கும். ஈரத்துணி சுற்றிக் கூடையில் வைத்து, மின்சாரம் இல்லாத ஊருக்கும் கொண்டுபோகலாம். குஞ்சோ சேவலோ, ஒரு கண்ணில் ஒரு சொட்டு. நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும்.

சொட்டு போடுவது குழுவில் மூத்தவரான அமாயி ஒருவர். அம்மா என்பதற்கு இங்கே அதுதான் விளி. கோழிகள் கூட்டை விட்டு இறங்கும் முன், விடியற்காலை இருட்டிலேயே வந்துவிடுவார். பேரன் போனில் டார்ச் அடிப்பான். கோழியைக் கையிடுக்கில் அணைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, சொட்டு விடுவார். உடனே விட்டுவிட மாட்டார். சொட்டு கண் முழுக்கப் பரவி, கோழி ஒருதரம் கண்ணை மூடித் திறக்கிற வரை பிடித்திருப்பார். அவசரப்பட்டு விட்டால் கோழி தலையை உதறி மருந்தைக் கீழே சிந்திவிடும், காசும் போச்சு என்பார். ஒரு கோழிக்கு இவ்வளவு என்று சின்னக் கட்டணம் வாங்குகிறார், வாங்கத்தான் வேண்டும். இலவசமாகச் செய்தால் நான் கிளம்பிய பிறகு யாரும் செய்ய மாட்டார்கள். ஜிகோமோ க்வம்பிரி, அமாயி. மிக்க நன்றி, அம்மா.

நாமக்கல்லில் இருந்துகொண்டு, ராத்திரி எந்நேரம் கேட்டாலும் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பிய ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்தைக் கலக்கும் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு எடு என்று முதலில் சொன்னவர் அவர். கோழியையும் குஞ்சையும் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரம் பின்னும் முறையைப் படம் வரைந்து அனுப்பினார். அதைப் பார்த்த குழுவினர் மூங்கிலில் பின்னிவிட்டார்கள். பருந்துக்குத் தப்பிய குஞ்சுகளின் எண்ணிக்கை கூடியது அதற்குப் பிறகுதான். குஞ்சுக்குக் கரையான் கொடு என்று அவர் சொன்னபோது மட்டும் இவர்கள் சிரித்தார்கள். இங்கே பொடிப்பசங்கள்கூட அதைச் செய்கிறார்கள்.

டெட்ஸா 5,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று நினைக்கிறவர்கள் ஜூலை மாதம் ஒரு ராத்திரி இங்கே வந்து படுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குளிரில் தாயில்லாக் குஞ்சுகள் பிழைத்தது பக்கத்து ஊர் மண்பாண்டக்காரப் பெண்களால். கரி போட்டு மூடிவைக்க அடிப்பக்கம் கனமான பானைகளைச் செய்து கொடுத்து, காசு வேண்டாம், சேவல் ஒன்று கொடுங்கள் என்றார்கள். கொடுத்தாயிற்று.

கம்பி வலையைக் கடனுக்குத் தந்த, தலைநகர் லிலாங்வேயின் குஜராத்தி கடைக்காரர், கோழிப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி எனக்கு மட்டும் டிக்கெட் போட்ட மினிபஸ் ஓட்டுநர், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் இல்லாத வாரத்தில் மிதிவண்டியில் வந்த அரசுக் கால்நடை உதவியாளர், கூடு போட நிழலான இடம் விட்ட ஊர்த்தலைவர், எல்லோருக்கும் நன்றி. சென்ற வருடம் முழுக்க மாதாமாதம் அனுப்பிய என் கல்லூரித் தோழிகளே, உங்களை மறந்துவிட்டேன் என்று நம் வாட்ஸாப் குழுவில் சண்டைக்கு வராதீர்கள். கூடுகளின் கால்கள் நிற்பது உங்கள் காசில்தான்.

இப்போதைய நிலைமை: முதலில் 5 பெட்டை வாங்கிய ஒவ்வொருவரும், குஞ்சு வளர்ந்ததும் 5 விடைக்கோழிகளை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். இரண்டு வீட்டில் மரநாய் மாதிரி ஒன்று புகுந்து நாசம் செய்ததால் அவர்களுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பணத்தைக் குழுவின் சேமிப்புப் பெட்டியில் சேர்த்தாயிற்று. மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. என்னிடம் ஒன்றும் இல்லை. நவம்பர் மருந்தை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். எனவே இனிப் பணம் அனுப்ப வேண்டாம். பழைய போன் இருந்தால் மட்டும் சொல்லுங்கள், பேரனுடைய டார்ச் மங்கிவிட்டது.

அன்புடன்,
டெட்ஸாவிலிருந்து உங்கள் தோழி