முடுக்கி சரி, இலக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில், புரோட்டான் போன்ற நுண்துகள்களை அதிவேகத்தில் பாயவிடும் துகள் முடுக்கி பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். காந்தம், குழாய், வெற்றிடம் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, பாய்ந்து வரும் துகள்கள் மோதி நியூட்ரான் பிறக்கிற இலக்கை மட்டும் ‘கடைசியில் ஓர் உலோகக் கட்டி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தக் கட்டியை உருகாமல், ஓட்டை விழாமல் காப்பாற்றுவதுதானுங்க பெரும்பாடு.

1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் ஒரு புரோட்டான் பாதரசம், டங்ஸ்டன் மாதிரி கனமான உலோகத்தில் மோதினால் இருபது முப்பது நியூட்ரான்கள் சிதறும். ஆனால் இப்படிப் பாயும் புரோட்டான் கற்றையின் ஆற்றலில் பாதிக்கு மேல் அங்கேயே சூடாக இறங்கிவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1.4 மெகாவாட் கற்றைக்கு ஈடுகொடுக்க, ஓடும் பாதரசத்தையே இலக்காக வைத்தார்கள். சூடு பாதரசத்தோடு போய்விடுகிறது, சரி. அப்புறம்தான் வேறு தொல்லை.

கற்றை அங்கே நொடிக்கு 60 தடவை விட்டுவிட்டு வருகிறது, ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவு. அதற்குள் சூடேறும் பாதரசத்துக்கு விரிய நேரமில்லாமல் அழுத்த அலை கிளம்பி எஃகுச் சுவரில் மோதுகிறது, அது திரும்பும்போது பாதரசம் இழுபட்டுக் குமிழி விடுகிறது, அந்தக் குமிழி சுவரை ஒட்டி உடையும்போது எஃகையே அரித்தெடுக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கின பிறகும் விடாமல் ஓட்டின பம்பைப் பிரித்துப் பாருங்கள், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இறக்கை குழிகுழியாக, விரல் வைத்தால் சொரசொரவென்று இருக்கும். கேவிட்டேஷன் என்று எங்கள் கோவை கணபதியில் எந்தப் பம்ப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். அதேதான் அங்கேயும். நாங்கள் இம்பெல்லரை மாற்றிவிட்டுப் போய்விடுவோம், அங்கே கதிரியக்கம் என்பதால் கெட்டிச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று இயந்திரக் கையால்தான் இலக்கைக் கழற்ற வேண்டும். கழற்றியதில் வட்டத் துண்டு வெட்டி எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த இலக்கின் வடிவத்தைத் திருத்துகிறார்கள். பாதரசத்தில் நுண்ணிய ஹீலியம் குமிழிகளைக் கலந்துவிட்டதும் நல்ல பலன் தந்தது, அவை அமுங்கிக்கொடுத்து அலையின் வலுவைத் தணிக்கின்றன.

ஸ்வீடனின் லுண்ட் நகரிலுள்ள நியூட்ரான் ஆய்வுக்கூடத்தில் வேறு வழி. சுமார் 2.6 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் டங்ஸ்டன் துண்டுகளை அடுக்கிச் சுழலவிடுகிறார்கள், ஒரு பகுதி அடி வாங்கிவிட்டு அடுத்த அடிக்குள் ஹீலியம் வாயுவில் ஆறிக்கொள்ளும். 5 மெகாவாட்டுக்கான வடிவமைப்பு அது.

முடுக்கியால் இயங்கும் தோரியம் அணு உலை பற்றி நம் நாட்டிலும் நெடுநாளாகப் பேசுகிறார்கள். அதற்கு நியூட்ரான் கொடுக்கவும் நடுவில் இப்படி ஓர் இலக்கு வேண்டும். வார்ப்பு, வெல்டிங், சீல், பம்ப் என்று அதில் வருகிற பாதி சங்கதி கோவைக்குப் பழக்கமான வேலை. இங்கே இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தண்ணீரை வைத்தே குமிழி அரிப்பைச் சோதித்துப் பார்க்கலாம். இலக்குக்கென்றே தனிக் கட்டுரை ஒன்று, வெட்டுத்தோற்றப் படத்தோடு போடுங்கள். படம் பெரிதாக இருக்கட்டும், பட்டறையில் ஒட்டிவைக்கிறேன்.

- பம்ப் பட்டறை வாசகர், கணபதி, கோவை