சிங்கப்பூர் பயணம்: எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குவது குறித்து

கடலூர்க் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மே மாத விடுமுறையில் செந்தோசா தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லவிருக்கும் குடும்பத்தினர், நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பாஸ் நுழைவுச்சீட்டு அன்று. நுழைவுச்சீட்டுடன் ஆளுக்கொன்றாகத் தனியே வாங்க வேண்டும். சாதாரண வகையில், பாஸுக்கு உட்பட்ட ஒவ்வொரு சவாரிக்கும் ஒருமுறை மட்டுமே விரைவு வரிசையில் செல்லலாம். அன்லிமிடெட் வகையில் எத்தனை முறையும் செல்லலாம். நாளுக்கேற்ப விலை மாறும்.

உயரக் கட்டுப்பாட்டை எந்தப் பாஸும் தளர்த்தாது என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்னும் வேகச் சவாரிக்கு 125 செ.மீ., மம்மி சவாரிக்கு 122 செ.மீ. உயரம் தேவைப்படுவதால், அதை எட்டாத பிள்ளைகளுக்கும், வேகச் சவாரிகளில் ஏற விரும்பாத தாத்தா பாட்டிகளுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. பெரிய பிள்ளைகள், தனிநபர் வரிசை (காலியாக உள்ள ஒற்றை இருக்கைகளுக்குத் தனித்தனியாக ஆளனுப்பும் வரிசை) உள்ள சவாரிகளில் பாஸ் இல்லாமலேயே பெரும்பாலும் விரைவாக ஏறிவிடலாம். அருகருகே அமர்வதற்கு மட்டும் உறுதியில்லை.

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதத்தில் விடுமுறை என்பதால், மே மூன்றாம் வாரத்துக்குள், அதுவும் வேலைநாள் ஒன்றில் சென்றுவருவது நல்லது.

பிள்ளைகளின் உயரத்தைக் காலணியின்றி அளந்து, ஞாயிறு இரவுக்குள் எனக்குத் தனிச்செய்தியாக அனுப்புங்கள்; யார் யாருக்குப் பாஸ் தேவை என்று பார்த்த பிறகே முன்பதிவு செய்வோம்.