யோகா பீரியட் எதற்கு?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூன் 21, யோகா தினத்தன்று நம் பள்ளி மைதானத்தில் எடுத்த படங்களை உங்களில் பலர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தீர்கள். பிள்ளைகள் சக்கராசனத்தில் வில்லாக வளைந்து நிற்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. போட்டிக்கு எப்போது அனுப்புவீர்கள் என்பது ஒன்று. பத்தாம் வகுப்புக்கு அந்த பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாமே என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு போட்டிக்கு நம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துப் போயிருந்தேன். எந்த ஆசனம் சொன்னாலும் அழகாகச் செய்வாள். அரை மதிப்பெண்ணில் முதல் பரிசு கைவிட்டுப் போனது. மேடைக்குப் பின்னால், சுருட்டாத பாயின் மேல் உட்கார்ந்து, பரிசு வாங்கிய பிள்ளையின் பக்கம் திரும்பவே மாட்டேன் என்று அழுதாள். வெகுநேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த முதுகு எப்படி வேண்டுமானாலும் வளையும். ஆனால் தோற்கும்போது மனசைப் பிடித்து நிறுத்த அவளுக்கு நாங்கள் எதுவுமே சொல்லித் தரவில்லை. அது எங்கள் குறை. அன்றிலிருந்து இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

யோகத்துக்கு அடிப்படை நூலாகக் கருதப்படும் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரங்கள், அதாவது சிறு சிறு வாக்கியங்கள், இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றில் ஆசனத்தைப் பற்றியே பேசுபவை மூன்றே மூன்று. அதிலும் ஆசனத்துக்கு அவர் சொல்லும் இலக்கணம், நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான். காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று எங்கும் இல்லை. மனதின் அலைகளை அடக்குவதே யோகம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், அதாவது மூன்றாம் பகுதியில், யோகத்தின் எட்டு அங்கங்களை வரிசையாகப் பாடுகிறார். தீயவற்றை விலக்கும் இயமம், நல்லவற்றைக் கடைப்பிடிக்கும் நியமம் இரண்டும் முடிந்த பிறகுதான் ஆசனம் வருகிறது. இயமத்தில் நிற்பவன் யார் என்று அவர் போடும் பட்டியலை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். கொல்லான், பொய் கூறான், களவிலான் என்று தொடங்கி, நடுவே ‘பகுத்துண்பான்’ என்று ஒரு சொல் வைக்கிறார். கிடைத்ததைப் பகிர்ந்து உண்பவன். டிபன் பாக்ஸைக் கையால் மறைக்காமல் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு தோசை கொடுப்பதும் யோகத்தில் சேர்த்தி என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதற்காக உடம்பை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. உடம்பை இழுக்கு என்று நினைத்திருந்தேன், பிறகு அதற்குள்ளேயே உறுபொருளை, அதாவது இறைவனை, கண்டேன் என்று பாடியவரும் அதே திருமூலர்தான். ஆசனம் தொடரும். ஆனால் வியாழக்கிழமை பீரியடில் கடைசிப் பத்து நிமிடம் இனி அமைதிக்கு. பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பார்கள். மூச்சை அடக்கும் பயிற்சி கிடையாது. மூச்சை 16 மாத்திரை (மாத்திரை என்பது ஒரு கால அளவு) இழுத்து, 64 நிறுத்தி, 32 விடுவது என்று திருமந்திரத்தில் கணக்கு இருப்பது உண்மை. அது குருவின் பக்கத்தில் இருந்து, பெரியவர்கள் செய்ய வேண்டியது. வீடியோ பார்த்துப் பிள்ளைகள் வீட்டில் முயன்றால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் இதைத் தொடங்கிப் பார்த்தோம். முதல் இரண்டு நிமிடம் ஒரே சிரிப்பு. அப்புறம் அடங்கியது. முடிந்ததும் ஒரு பையன், “மிஸ், குடிதண்ணீர்க் குழாய் சொட்டுது” என்றான். ஆறு மாதமாகச் சொட்டுகிற குழாய் அது. அந்தச் சத்தம் அன்றுதான் அவன் காதில் விழுந்திருக்கிறது. (குழாயைச் சரிசெய்துவிட்டோம்.) மனம் ஓரிடத்தில் நிற்கத் தொடங்கினால் இப்படித்தான் இருக்கும். கணக்கு பீரியடைப் பற்றிக் கேட்ட பெற்றோர்களுக்கு நான் சொல்லக்கூடியது, வினாத்தாளைப் படிக்கும்போது அந்தப் பையனுக்கு இதே காது வேண்டும் என்பதுதான். அதனால் பத்தாம் வகுப்புக்கும் இந்த பீரியட் இருக்கும்.

வேற்று மதத்துப் பெற்றோர் சிலர் தயக்கத்தோடு என்னிடம் பேசினார்கள். அவர்களிடம் எதையும் மறைக்க நான் விரும்பவில்லை. யோகத்தின் முடிவு ஆன்மிகம்தான். பதஞ்சலி அதைக் கைவல்யம், அதாவது முழு விடுதலை என்றார், திருமூலர் சிவத்தோடு கலப்பது என்றார். பள்ளியில் நாங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. மந்திரம் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை தன் வீட்டில் கற்ற பிரார்த்தனையை மனசுக்குள் சொல்லிக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சியே. பொய் சொல்லாதே, பிறர் பொருளை எடுக்காதே, யாரையும் நோகடிக்காதே என்பதை எந்த வீட்டில்தான் சொல்லித் தரவில்லை?

சரி, போட்டி விஷயம். விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க மாட்டேன், விண்ணப்பத்தில் கையெழுத்தும் போடுவேன். பள்ளி சார்பில் இந்த வருடம் அணி அனுப்பவில்லை. ஆண்டு விழாவில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் பிரமிடும் கிடையாது.

வீட்டில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் டிவியையும் செல்போனையும் அணைத்துவிட்டுப் பிள்ளையோடு நீங்களும் சும்மா உட்காருங்கள். “இன்று என்ன ஆசனம் செய்தாய்?” என்று கேட்பதோடு, “இன்று யாரிடமாவது கோபப்பட்டாயா?” என்றும் கேளுங்கள். சொல்வதைத் திட்டாமல் கேட்டுக்கொண்டால் போதும்.

வியாழக்கிழமைகளில் ஒரு பருத்தித் துண்டோ பாயோ கொடுத்தனுப்புங்கள். ஆஸ்துமா, வலிப்பு போன்ற தொந்தரவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வந்து பின்வரிசையில் எங்களோடு உட்காரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்