கோஹாவில் நமக்கு வேண்டியதைச் செய்துதருபவருக்குப் பணம் கொடுக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். தமிழ்நாட்டில் எங்களைப் போலப் பல கல்லூரி நூலகங்கள் கோஹா என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில்தான், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மென்பொருளில்தான், நடக்கின்றன. புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, பட்டியல், தேடல் எல்லாமே அதில்தான். லைசென்ஸுக்கு ஒரு பைசா கிடையாது. ஆனால் அதில் ஒரு புது வசதி வேண்டும், அதைச் செய்துதர ஒரு டெவலப்பருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கோப்பு வைத்தால், "இலவச சாஃப்ட்வேருக்கு எதுக்கு சார் பணம்?" என்ற ஒரே கேள்வியோடு அது திரும்பி வந்துவிடுகிறது.

கோஹா பிறந்ததே ஒரு நூலகம் பணம் கொடுத்ததால்தான். நியூசிலாந்தில் லெவின் என்ற சின்ன ஊரில் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை இருக்கிறது. 1999இல் அவர்களிடம் இருந்த பழைய கணினி அமைப்பு 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை. கடையில் கிடைத்தவை எதுவும் ஒத்துவராததால், கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துப் புதிதாக எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரித் தொடக்கத்திலேயே அது வேலைக்கு வந்துவிட்டது. ஒரு சின்ன நூலகத்தையும் ஒரு சின்ன நிறுவனத்தையும் மட்டும் நம்பியிருந்தால் அந்த மென்பொருள் நிலைக்காது என்பதால், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆரம்பத்தில் கோஹாவில் மார்க் வசதி கிடையாது. புத்தக விவரங்களைப் பதிய உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தும் வடிவம் அது, அது இல்லாமல் பெரும்பாலான நூலகங்கள் கோஹா பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. 2002இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் நெல்சன்வில் பொது நூலகம், இந்த வசதியைச் சேர்த்துத் தர யார் வருகிறீர்கள், பணம் தருகிறோம் என்று அறிவித்தது. பிரான்ஸில் தனியாளாக வேலை பார்த்துக்கொண்டிருந்த பால் பூலாங் என்ற டெவலப்பர் அதைச் செய்துகொடுத்தார். இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்து மார்க்கில் தலைப்புக்கென்று இருக்கும் 245 என்ற புலத்தில் ஒரு தமிழ் நாவலின் தலைப்பை அடிக்கிறேன் என்றால், அதற்கு அடியில் அந்த ஊர்க்காரர்களின் பணம் இருக்கிறது. இப்போதும் ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் எந்த வசதிக்கு எந்த நூலகம் பணம் கொடுத்தது என்று பெயர் போடுகிறார்கள். அங்கே தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் பெயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நாம் பணமே செலவழிப்பதில்லை என்று சொல்லவில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று பலரும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நிறுவித் தருவது, பேக்கப் எடுப்பது, வெர்ஷன் ஏற்றுவது எல்லாம் உழைப்புதான், அதற்குக் கூலி நியாயமே. ஆனால் புது வசதி என்று கேட்டால், பெரும்பாலும் நம்முடைய சர்வரில் இருக்கும் கோப்பைத் திறந்து நாலு வரி மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். கோஹாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே மாதமும் நவம்பர் மாதமும், புது வெர்ஷன் வரும். அதை ஏற்றியதும் அந்த நாலு வரியும் போய்விடும், திரும்பவும் கூப்பிட வேண்டும், திரும்பவும் பணம். பக்கத்து ஊர்க் கல்லூரி இதே வேலைக்கு இன்னொருவரிடம் இன்னொரு முறை கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே பணம் கொடுத்தால் அந்த மாற்றம், எல்லாருக்கும் வெளியாகும் கோஹாவின் மூல நிரலுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இது சொல்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. டெவலப்பர் பேட்ச், அதாவது நிரலில் செய்த மாற்றத்தை, அனுப்பியதும் வேலை முடிந்துவிடாது. வேறொருவர் அதைச் சோதித்துக் கையொப்பம் இட வேண்டும், அப்புறம் கோஹா சமூகத்தின் தரக்குழு பார்க்கும், அப்புறம்தான் வெளியீட்டு மேலாளர் சேர்ப்பார். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதற்குள் மூல நிரல் மாறியிருந்தால் பேட்சைத் திருத்தி மறுபடி போட வேண்டும். எனவே "சேர்ந்த பிறகுதான் மொத்தப் பணமும்" என்று ஒரு தனியாள் டெவலப்பரிடம் சொல்வது அநியாயம், ஏனென்றால் கடைசி முடிவு அவர் கையில் இல்லை. நிரல் எங்கள் சோதனை சர்வரில் ஒழுங்காக ஓடியதும் பெரும்பகுதி, தரக்குழு ஏற்றதும் மீதி, நடுவில் வரும் திருத்த வேலைக்குத் தனியாக மணிக்கணக்கில் கூலி என்று பிரித்துக்கொள்ளலாம். வேலையைத் தொடங்கும் முன்பே கோஹா சமூகத்தில் இதைச் சொல்லி அவர்கள் கருத்தைக் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் குறையும்.

அடுத்தது நம் கொள்முதல் விதிகள். மூன்று விலைப்புள்ளி கேட்கிறார்கள், மூன்று வருட வரவுசெலவுக் கணக்கு கேட்கிறார்கள், ஜிஎஸ்டி எண் கேட்கிறார்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவையாளர் பொதுவாக ஜிஎஸ்டியில் பதிய வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் அந்த எண் இல்லாத காரணத்தாலேயே நன்றாக நிரல் எழுதத் தெரிந்த தனியாள் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அப்படியே உள்ளே வந்தாலும் பில் பாஸாகக் காத்துக் கிடக்க வேண்டும். கோஹா எழுதப்பட்டிருப்பது பெர்ல் மொழியில், அது தெரிந்த இளைஞர்கள் இப்போது குறைவு, இருக்கும் சிலரையும் இப்படி அலைக்கழித்தால் யார் வருவார்கள்?

தனித்தனியாக ஒவ்வொரு கல்லூரியும் இதைச் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். ஜெர்மனியில் முனிச், ஃப்ரைபர்க் போன்ற நகர நிர்வாகங்களும் ஸ்விட்சர்லாந்தின் சில அரசு அமைப்புகளும் 2012 வாக்கில் ஒன்றாகச் சேர்ந்து, லிப்ரேஆபிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் அலுவலக மென்பொருளில் மைக்ரோசாஃப்ட் கோப்புகள் சரியாகத் திறக்க வேண்டும் என்று டெவலப்பர்களுக்குப் பணம் கொடுத்தன. அந்தத் திருத்தம் அவர்களுக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்கும் கிடைத்தது. குடிமராமத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுக் கண்மாயைத் தூர்வாரிய ஊர்களுக்கு இது புரியாத ஏற்பாடா? பெங்களூரில் இருக்கும் ஜெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம்கூட 2024இல் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று நிதி ஒதுக்கியிருக்கிறது.

கல்லூரிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது இதுதான்: நூலக நிதியில் "ஓப்பன் சோர்ஸ் மேம்பாடு" என்று ஒரு தலைப்பைச் சேர்க்கட்டும், பல கல்லூரிகள் பங்கு போட்டுக் கொடுக்க அனுமதிக்கட்டும், ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்குமாவது தனியாள் டெவலப்பரை நேரடியாக அமர்த்த வழி விடட்டும். தணிக்கைக்கு வேண்டிய ஆதாரத்துக்கும் குறைவில்லை. எந்த பேட்ச், யார் எழுதியது, யார் சோதித்தது, எந்தத் தேதியில் சேர்ந்தது என்று எல்லாமே பொதுவில் பதிவாகி இருக்கும். நான் பார்த்தவரை வேறு எந்தக் கொள்முதலுக்கும் இவ்வளவு தெளிவான ரசீது கிடைத்ததில்லை.

என்ன வசதி வேண்டும் என்று கேட்டால் பட்டியல் நீளும். ஆசிரியர் பெயர்கள் தலைப்பெழுத்தால் குழம்பாமல் வரிசைப்பட வேண்டும், தாமதக் கட்டண ரசீது ஒழுங்கான தமிழில் வர வேண்டும், புத்தக முதுகில் ஒட்டும் சீட்டில் கொம்பும் காலும் இடம் மாறாமல் அச்சாக வேண்டும். முதலில் அந்த முதுகுச்சீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம், வேலையும் சிறியது, தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கும் எல்லா நூலகத்துக்கும் தேவையானது. மற்ற கல்லூரி நூலகர்கள் சம்மதித்தால் எங்கள் பங்குத் தொகையை அடுத்த நூலகக் குழுக் கூட்டத்திலேயே வைத்துக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி நூலகர்,
திருநெல்வேலி