ஹைடா குவாயிலிருந்து அப்பாவுக்கு

ஸ்கிடகேட், கனடா
ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். "கடலைப் படிக்கப் போனவளுக்குக் கதைப் பாடம் எதற்கு?" என்று போனில் கேட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருக்கும் ஹைடா குவாய் தீவுகள் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏழு மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. ஹைடா மக்களின் மண். 2010 வரை வரைபடத்தில் ஓர் ஆங்கிலேயக் கப்பலின் பெயர்தான் இருந்தது.

இப்போது ஹெர்ரிங் முட்டையிடும் பருவம். நம்ம மத்திக்கு உறவான மீன். கரையோரத் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கெல்ப் என்கிற பெரும்பாசியின் இலையில் இரண்டு பக்கமும் முட்டை அடையாக ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டு நானி (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ஓர் இலையைச் சுடுதண்ணீரில் முக்கி, நறுக்கிக் கையில் கொடுத்தார். முட்டை பல்லில் நறுக்நறுக்கென்று உடைகிறது, கூடவே கடலின் உப்பு. அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

அந்தப் பாசிக்குப் பின்னால் பெரிய சோகம் இருக்கிறது. கடல் நீர்நாயின் தோலுக்குச் சீனாவில் நல்ல விலை என்று 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கப்பல்கள் வரத் தொடங்கின. வேட்டையில் நீர்நாய் இங்கே அடியோடு அழிந்தது. அது தின்று அடக்கி வைத்திருந்த கடல் முள்ளெலிகள் (உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்கும் கடலுயிர்) பெருகி, கெல்ப் காடுகளை மேய்ந்து தீர்த்தன. தீவுகளின் தெற்கே குவாய் ஹானாஸ் தேசியப் பூங்காவில் ஹைடாக்களும் அரசுப் பூங்காத் துறையும் சேர்ந்து, முக்குளிப்பவர்களை இறக்கி முள்ளெலிகளைக் குறைத்தார்கள். அந்த இடத்தில் பாசி திரும்ப முளைத்தது.

மனிதர்களுக்கும் அழிவு வந்தது. 1862-இல் பரவிய பெரியம்மையில் ஊர் ஊராகச் செத்தார்கள். 1900 வாக்கில் மிஞ்சியவர்கள் சுமார் 600 பேர். அந்த ஆண்டுதான் ஜான் ஸ்வான்டன் என்ற இளம் ஆய்வாளர் ஸ்கிடகேட் வந்து, பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஹைடா மொழியிலேயே எழுதினார். அப்படிச் சொன்னவர்களில் ஸ்காய், காண்ட்ல் என்று இரண்டு பெரும் கவிஞர்கள். காண்ட்லுக்குக் கண் தெரியாது. அவர் சொன்ன ஒரு கதையில், குளிக்கும் வாத்துப் பெண்ணின் இறகுத் தோலை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவன் அவளை மணக்கிறான். பஞ்சம் வந்தபோது அவள் அப்பா வானத்திலிருந்து உணவு அனுப்புகிறார். அந்த உணவைப் பற்றி ஊரில் யாரோ குத்தலாகப் பேச, அவள் பறந்து போய்விடுகிறாள். தேடிப் போனவன் கடைசியில் கடற்காகமாகிறான்.

பறவை எப்போது வரும், எப்போது போகும், எதனால் பசி வரும் என்பதெல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கிறது அப்பா. எங்கள் அளவைகளில் கெல்ப் அழிந்ததற்குப் பிறகான கடல்தான் கிடைக்கிறது. அதற்கு முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள் கடலை எப்படி நடத்தினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதைக் கதைகள்தான் சொல்கின்றன. நெய்தலைப் பாடம் நடத்திய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒரு உதவி. பாம்பனில் அத்தை பாசி எடுக்கப் போகும்போது எந்தப் பாசி எந்த மாதம், வாடைக் காற்றில் என்ன, கச்சான் காற்றில் என்ன என்று பேசிக்கொண்டே வருவாளே, அதை உங்கள் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். திருத்த வேண்டாம், சுருக்கவும் வேண்டாம், அவள் சொல்கிறபடியே வேண்டும். கூடப் போகிற மற்ற பெண்களும் சம்மதித்தால் அவர்களையும் கேளுங்கள்.

அன்பு மகள்,
செல்வி